மூளைக்குள் நுழையும் காசநோய்: தலைவலி தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிறவர்கள் ஏரிக்கரைக் குப்பங்களில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கரையில் வலையைப் பரப்பிப் போட்டு, எங்கே கண் அறுந்திருக்கிறது என்று ஒருவர் பொறுமையாகத் தேடிக்கொண்டிருப்பார். இறாலுக்கு ஒரு வலை, நண்டுக்கு ஒரு வலை, மீனுக்கு ஒரு வலை. எது உள்ளே நிற்கும், எது வெளியே போகும் என்பதைத் தீர்மானிப்பது வலைக் கண்ணின் அளவுதான். சின்னக் கிழிசல்தானே என்று விட்டால், அடுத்த முறை இழுக்கும்போது அது பெரிய ஓட்டையாகிவிடும்.

நம் மூளைக்கும் இப்படி ஒரு வலை உண்டு. கண்ணுக்குத் தெரியாத, மிக நெருக்கமாகப் பின்னிய வலை. காசநோய்க் கிருமி சிலருக்கு அந்த வலையையே கிழித்துவிடுகிறது. அதற்குப் பெயர் காசநோய் மூளைக்காய்ச்சல். காசநோய் வகைகளிலேயே மிக ஆபத்தானது இதுதான். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்ற முடியும்.

ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பாருங்கள். கடலுக்குப் போகும் 35 வயதுக்காரர். சாயங்காலம் ஆனால் லேசான காய்ச்சல், தலைவலி. "வெயில்ல நின்னதுதான், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்கிறார். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுகிறார். இரண்டாவது வாரம் சாப்பாடு பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் வாந்தி. நான்காவது வாரம் மனைவியின் பெயரையே மாற்றிக் கூப்பிடுகிறார். அன்றைக்குத்தான் வீட்டில் பயம் வருகிறது. இது கற்பனைதான். ஆனால் இந்த நோய் இப்படித்தான் சத்தமில்லாமல் வாரக்கணக்கில் வளர்கிறது. அந்த முதல் இரண்டு வாரங்களை வீணாக்காமல் இருப்பது எப்படி என்பதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை

1882-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக், காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதனால்தான் மார்ச் 24 உலகக் காசநோய் தினம். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. அதை நாம் சுவாசிக்கிறோம். உலக மக்களில் சுமார் நான்கில் ஒருவரின் உடலில் இந்தக் கிருமி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெளிப்படும். மற்றவர்களின் உடம்பு அதை அடக்கி வைத்துவிடும்.

அடக்க முடியாதபோது கிருமி நுரையீரலிலிருந்து ரத்தத்தில் கலந்து நிணநீர்க் கட்டி, எலும்பு, சிறுநீரகம், மூளை என எங்கே வேண்டுமானாலும் போய்த் தங்கலாம். மூளைக்குப் போவது அரிது. ஆனால் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், உடல் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு அந்த ஆபத்து அதிகம். சிறு குழந்தைகளுக்குக் கிருமி தொற்றிய சில மாதங்களிலேயே மூளைக்காய்ச்சல் வந்துவிடலாம்.

மூளையைக் காக்கும் வலை

1885-இல் பால் எர்லிக் என்ற விஞ்ஞானி, விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். உடம்பின் உறுப்புகளில் எல்லாம் சாயம் ஏறியது. மூளையில் மட்டும் ஏறவில்லை. பின்னால் 1913-இல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன், சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் செலுத்தினார். இந்த முறை மூளையில் சாயம் பிடித்தது, உடம்பில் பிடிக்கவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஏதோ ஒரு தடுப்பு இருக்கிறது என்பது இப்படித்தான் புரிந்தது. இதை ரத்த–மூளைத் தடுப்பு என்கிறோம்.

உடம்பின் மற்ற இடங்களில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் சிறு இடைவெளிகள் இருக்கும். பெரிய கண் வலை மாதிரி. மூளையில் உள்ள குழாய்களில் சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகத் தைத்தது போல ஒட்டியிருக்கும். அந்தச் சுவருக்கு வெளியே ஒரு மெல்லிய அடிச்சவ்வு. அதன் மேல் இன்னும் இரண்டு வகைச் செல்கள் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும். பிராணவாயு தானாக ஊடுருவிப் போகும். சர்க்கரைச் சத்துக்குத் தனி வாசல் உண்டு. பெரும்பாலான கிருமிகள், நச்சுப் பொருட்கள், பெரிய புரதங்கள் எல்லாம் வெளியிலேயே நின்றுவிடும்.

கிருமி எப்படி உள்ளே போகிறது?

இவ்வளவு இறுக்கமான வலையைக் காசநோய்க் கிருமி எப்படித் தாண்டுகிறது? ஆய்வுகள் இரண்டு வழிகளைக் காட்டுகின்றன.

ஒன்று, குழாய்ச் சுவரில் உள்ள செல்லுக்குள்ளேயே புகுந்து, மறுபக்கம் வெளியேறுவது. இரண்டாவது, நம் பாதுகாப்புச் செல்லுக்குள் ஒளிந்துகொண்டு போவது. கிருமியை விழுங்கி அழிப்பதற்காக இருக்கும் வெள்ளணுவுக்குள் கிருமி சாகாமல் பிழைத்துக்கொள்கிறது. அந்த வெள்ளணு மூளைக்குள் போகும்போது கிருமியும் கூடவே போய்விடுகிறது. காவலாளியின் வண்டியிலேயே ஏறித் திருடன் உள்ளே போவது போல.

உள்ளே போன கிருமி உடனே கலவரம் செய்வதில்லை. மூளையின் மேற்பரப்பிலோ அதன் உறையிலோ ஒரு சின்னக் கட்டியாக மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் அடங்கியிருக்கும். 1933-இல் அமெரிக்காவைச் சேர்ந்த அர்னால்டு ரிச், ஹோவர்ட் மெக்கார்டக் என்ற இரு மருத்துவர்கள் இதை விளக்கினார்கள். அந்தக் கட்டி உடைந்து, கிருமிகள் மூளையைச் சுற்றியுள்ள நீரில் கொட்டும்போதுதான் மூளைக்காய்ச்சல் தொடங்குகிறது.

வலை எப்படிக் கிழிகிறது?

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. வலையைக் கிழிப்பது பெரும்பாலும் கிருமி நேரடியாக இல்லை. கிருமியை எதிர்த்து நம் உடம்பு நடத்தும் சண்டைதான் அதிகச் சேதத்தை உண்டாக்குகிறது.

மூளையில் உள்ள பாதுகாப்புச் செல்கள் கிருமியைப் பார்த்ததும் அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களை வெளியிடுகின்றன. உதவிக்கு ரத்தத்திலிருந்து மேலும் வெள்ளணுக்கள் வருகின்றன. இந்தச் செல்கள் சுரக்கும் சில நொதிகள் ரத்தக் குழாயின் அடிச்சவ்வை அரிக்கின்றன. செல்களை ஒட்டி வைத்திருந்த இறுக்கமான தையல் தளர்கிறது. வலையின் கண் பெரிதாகிறது.

அதன்பின் நடப்பவை:

• ரத்தத்தில் இருக்க வேண்டிய நீரும் புரதமும் மூளைக்குள் கசிகின்றன. மூளை வீங்குகிறது. மண்டை ஓட்டுக்குள் வீங்குவதற்கு இடம் கிடையாது. அதனால் தலைவலியும் வாந்தியும் வருகின்றன.

• மூளையின் அடிப்பகுதியில் பிசின் மாதிரி கெட்டியான கழிவு படிகிறது. அது மூளை நீர் ஓடும் வழியை அடைக்கிறது. நம்ம ஏரியின் முகத்துவாரம் மணல் மூடினால் தண்ணீர் போக வர வழியில்லாமல் போகுமே, அது போலத்தான். நீர் தேங்கி மூளையை அழுத்துகிறது.

• அந்தப் பிசின் கண், முகம் ஆகியவற்றுக்குப் போகும் நரம்புகளையும் நெரிக்கிறது. மாறுகண், இரட்டையாகத் தெரிவது, முகம் ஒரு பக்கம் இழுப்பது எல்லாம் இதனால்தான்.

• மூளையின் ரத்தக் குழாய்கள் வீங்கி அடைபடுகின்றன. பக்கவாதம் வரலாம். சின்ன வயதுக்காரர்களுக்கும் வரலாம்.

மருந்துக்கும் அதே வலைதான் தடை

கிருமியைத் தடுக்கும் வலை, மருந்தையும் தடுக்கிறது. ஐசோனியாசிட், பைரசினமைடு ஆகிய இரண்டும் மூளைக்குள் நன்றாகப் போகும். ரிஃபாம்பிசின் குறைந்த அளவே போகும். எத்தம்பியூட்டால் அதைவிடச் சிரமப்படும். வலை கிழிந்திருக்கும் ஆரம்ப நாட்களில் மருந்து ஓரளவு கூடுதலாக நுழையும். சிகிச்சையால் வலை ஆறத் தொடங்கியதும் நுழைவது குறையும். அந்த நேரத்திலும் கிருமி மிச்சம் இருக்கும்.

அதனால்தான் நுரையீரல் காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம் என்றால், மூளைக் காசநோய்க்குப் பெரும்பாலும் 9 முதல் 12 மாதம் மருந்து தருகிறார்கள். "தலைவலி போயிடுச்சு, வேலைக்குப் போறேன், இனி எதுக்கு மாத்திரை" என்று நான்காவது மாதம் நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

காசநோய் மருந்தோடு ஆரம்ப வாரங்களில் ஸ்டீராய்டு மருந்தும் தருவார்கள். உடம்பின் சண்டையைத் தணித்து வீக்கத்தைக் குறைப்பதற்காக. வியட்நாமில் 545 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், இந்த மருந்து பெறாதவர்களில் 100-க்கு 41 பேர் இறந்தார்கள். பெற்றவர்களில் அது 32 ஆகக் குறைந்தது. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு நீங்களாகவே நிறுத்தவும் கூடாது, டாக்டர் சொல்லாமல் நீங்களாகவே எடுக்கவும் கூடாது.

சென்னையில் கண்ட உண்மை

காசநோய் ஆராய்ச்சியில் சென்னைக்கு உலக அளவில் பெயர் உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நோயாளியை சானடோரியத்தில் வைக்காமல் வீட்டில் இருந்தபடியே மருந்து கொடுத்தாலும் அதே அளவு பலன் கிடைக்கும் என்று நிரூபித்தது. உலகம் முழுவதும் சிகிச்சை முறை மாறியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அதே மையமும் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை மருத்துவர்களும் சேர்ந்து, காசநோய் மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகள் 1986-இல் வெளியாயின. நல்ல மருந்துகள் கொடுத்தும், மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள்தான் முழுமையாகக் குணமானார்கள். நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் இறந்துபோனார்கள். மற்றவர்களுக்கு நரம்புப் பாதிப்பு தங்கிவிட்டது. யார் பிழைப்பார்கள் என்பதைத் தீர்மானித்ததில் முக்கியமானது, எந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தார்கள் என்பதுதான்.

டாக்டர்கள் இந்த நோயை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் நோயாளி தெளிவாகப் பேசுவார். இரண்டாவது நிலையில் குழப்பம், மயக்கம் அல்லது கை கால் பலவீனம் இருக்கும். மூன்றாவது நிலையில் நினைவு தப்பிவிடும். முதல் நிலையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். மூன்றாவது நிலையில் வருகிறவர்களில் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் இதன் பாடம்.

எப்போது போகணும்?

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்:

• 5 நாட்களுக்கு மேல் விடாத தலைவலியும் காய்ச்சலும்
• காரணமில்லாத வாந்தி, எடை குறைதல், பசியின்மை
• எரிச்சல், எதிலும் ஆர்வமின்மை, அதிகத் தூக்கம், பேச்சில் குழப்பம்
• குழந்தை விளையாடாமல் சுருண்டு படுப்பது, பால் குடிக்காதது, உச்சிக்குழி புடைப்பது
• கழுத்து விறைப்பு, மாறுகண், இரட்டைப் பார்வை

வலிப்பு, நினைவு தப்புதல், கை கால் திடீரென விழுந்துபோதல் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

இப்போதே ஒரு சின்ன வேலை செய்யலாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ தலைவலியோ தொடங்கினால், உங்கள் கைபேசிக் காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். "எத்தனை நாளா இருக்கு?" என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. "ஒரு பத்து நாள் இருக்கும்" என்று நாம் சொல்லும் கணக்கு பல சமயம் மூன்று வாரமாக இருக்கும். கடலுக்குப் போய் வரும் குடும்பங்களில் நாள் கணக்கு தவறுவது சகஜம். அதோடு, சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

முதுகில் ஊசி: பயம் வேண்டாம்

இந்த நோயை உறுதிசெய்ய முதுகிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்ப்பார்கள். "முதுகுல ஊசி போட்டா கால் விழுந்துடும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுக்கும் குடும்பங்கள் உண்டு. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடும் இடம் அதற்கும் கீழே. தேவைப்பட்டால் முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் செய்வார்கள். வலை கிழிந்திருந்தால் அந்த நீரில் புரதம் கூடியிருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும், வெள்ளணுக்கள் அதிகமாக இருக்கும். சிபிநாட், ட்ரூநாட் போன்ற கருவிகளில் கிருமியின் மரபணுவையும் சில மணி நேரத்தில் தேடிப் பார்க்கலாம். கிருமி கிடைக்காவிட்டாலும், மற்ற அறிகுறிகளை வைத்து டாக்டர் சிகிச்சையைத் தொடங்கலாம். இந்த நோயில் காத்திருப்பதுதான் ஆபத்து.

குழந்தையின் தோளில் உள்ள தழும்பு

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பகுதி கிராமங்களில், 1968-இல் ஒரு பெரிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அதில் கணக்கெடுக்கப்பட்டார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று அதன் முடிவு சொன்னது. "அப்புறம் எதுக்கு ஊசி?" என்ற கேள்வி வரும். பதில் இதுதான்: சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோயிலிருந்தும், உடம்பெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் பி.சி.ஜி. பெருமளவு பாதுகாக்கிறது என்று மற்ற ஆய்வுகள் காட்டுகின்றன. பிறந்த உடனே, தவறினால் ஒரு வயதுக்குள், இலவசமாகப் போடப்படுகிறது. தடுப்பூசி அட்டையை எடுத்து இன்றே பார்த்துவிடுங்கள்.

உங்களுக்கான சேவைகள்

• பரிசோதனை: பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது பொன்னேரி அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். மூளைக்காய்ச்சல் என்ற சந்தேகம் இருந்தால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அனுப்பினால் அன்றைக்கே போங்கள்.

• மருந்து: அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் முழுக்க இலவசம்.

• நிக்ஷய் பதிவு: ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பதிவு எண் உண்டு. தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் பதிவு கட்டாயம். தொழிலுக்காகக் காசிமேட்டுக்கோ ஏரியின் ஆந்திரப் பக்கத்துக்கோ போனாலும், முன்கூட்டியே சொன்னால் சிகிச்சையை அங்கே மாற்றித் தருவார்கள். அந்த எண்ணைக் கைபேசியில் சேமித்து வையுங்கள்.

• ஊட்டச்சத்து உதவி: சிகிச்சைக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேரும். 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது.

• காசநோய் இறப்பில்லாத் திட்டம்: தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கிறது. நோய் உறுதியானதும் எடை, மூச்சு, நிற்கும் திறன் ஆகியவற்றைப் பார்த்து, ஆபத்தில் உள்ளவர்களை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள்.

• குடும்பத்தினருக்குத் தடுப்பு மருந்து: வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் இருந்தால் மற்றவர்களுக்குப் பரிசோதனை செய்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து தரப்படும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது மிக முக்கியம்.

• பாதிப்பு தங்கிவிட்டால்: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும்.

• தொலைபேசி: சந்தேகங்களுக்கு 104. காசநோய்க்கென்று 1800 11 6666. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

மாத்திரை நேரத்துக்குக் கைபேசியில் அலாரம் வையுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசினின் நிறம். ஆனால் கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மூளையில் மட்டும் உள்ள காசநோய் இன்னொருவருக்கு ஒட்டாது. பக்கத்தில் உட்காரலாம், சேர்ந்து சாப்பிடலாம், குழந்தையைக் கொடுக்கலாம். நுரையீரலிலும் நோய் இருக்கிறதா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார். தெருவில் ஒருவர் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?"